இமயச் சாரலிற் கண்டதும் காணாது திரும்பியதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'இமயமலைப் பிரதேசத்திற் காணத்தக்க இடங்கள்' என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று சங்கக் காரியதரிசியார் கேட்டபொழுது நாம் முதலில் தயங்கினோம். தயக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு. இமயம் மிகப் பெரிது. எமது அறிவு மிகச் சிறிது. அது முதலாவது. எந்த இடத்தைக் காணவேண்டுமென்று பிரதானமாக எண்ணிப் புறப்பட்டோமோ, அந்த இடத்தைக் காணாமலே திரும்பிவந்தோம். அது இரண்டாவது. இதனைச் சொன்னபோது, "அப்படியானால் அதையும் சேர்த்தே பேசுங்கள்" என்றார் காரியதரிசியார். ஆகவே பேச வந்தோம்.

இமயமலைத் தொடர் மேற்கே நங்கபர்வதம் தொடங்கிக் கிழக்கே நம்சாபர்வா வரையில் ஏறக்குறைய 2,400 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. காஷ்மீரம், இமாசலம், நேபாளம், சிக்கிம், பூட்டான் என்று எத்தனையோ நாடுகளும் நிலங்களும் அதன் மடியில் உள்ளன. அவையனைத்தையும் ஒரு மாலைப்பொழுதிற் சொல்ல முயல்வது கடலைக் கையால் இறைக்க முயல்வது போலாகும். நாம் கால் பதித்த கார்வால் பகுதியை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்கின்றோம். அது 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தனி மாநிலமாக அமைந்த உத்தராகண்டத்தின் மேற்குப் பாதி. கங்கையும் யமுனையும் பிறக்கும் இடம் அதுவே.

உயரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். கேதாரநாதக் கோயிலின் வாசற்படியோ 3,583 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. நம்முடைய மலையுச்சிக்கு மேலே இன்னும் ஓராயிரம் மீற்றர் ஏறினாலன்றி அந்தக் கோயில் வாசலை எட்ட முடியாது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலை அப்பொழுதுதான் தொடங்குவது போலத் தோன்றுமாம்.

இந்த மலைகளின் உயரத்தை முதன்முதலாக முறைப்படி அளந்த கதையிலே தமிழ் நிலத்துக்கும் ஒரு பங்குண்டு. 1802ஆம் ஆண்டிலே வில்லியம் லாம்ப்ரன் என்னும் ஆங்கிலேயர் சென்னைக்கு அடுத்த பரங்கிமலை அருகே நிலத்தில் ஒரு நேர்க்கோட்டை அளந்து தமது நிலவளவை வேலையைத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாக வடக்கு நோக்கி நகர்ந்த அந்த வேலை, இரண்டு தலைமுறைகளில் இமயத்தை எட்டியது. லாம்ப்ரனுக்குப்பின் அதனை நடத்திய ஜோர்ஜ் எவரெஸ்ற் வாழ்ந்த வீடு, கார்வால் மலையடிவாரத்து மசூரி நகரில் இன்றும் உண்டு. மசூரிக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் தவறாமற் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

நாங்கள் எண்மர் புறப்பட்டோம். எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வயது எழுபத்திரண்டு. அவரை யாவரும் 'வாத்தியார் ஐயா' என்றே அழைப்போம். சிறுவயதிலே திண்ணைப் பள்ளியிற் கற்ற திருக்கேதாரப் பதிகங்களைக் கேதாரத்திலேயே பாடவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. எங்களுள் இளையவர்களுக்கோ பூக்களின் பள்ளத்தாக்கைக் காண ஆசை. அப்பூக்கள் மழை மாதங்களிற்றான் மலரும். அதே மழைதான் வீதிகளையும் அடைக்கும். பூவை நினைத்து மழையை மறந்து ஆவணி மாதப் பிற்பகுதியிலே புறப்பட்டோம். இதன் பலனைப் பின்னர் சொல்வோம்.

மலைக்கு வாயில் ரிஷிகேசம். கங்கை மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடம் அது. நம்மவர்க்கு அந்த ஊர் அந்நியமானதன்று. தாமிரபரணிக் கரையில் பத்தமடை என்னும் ஊரிலே 1887இற் பிறந்து, மலாயாவில் மருத்துவராயிருந்து, பின் துறவியாகி 1936இல் அங்கே தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தரின் ஆச்சிரமம் கங்கைக் கரையிலேயே உள்ளது. சுவாமிகள் 1950இலே தமது யாத்திரையின்போது இலங்கைக்கும் வந்தவர். அங்குள்ள லட்சுமண் ஜூலா என்னும் தொங்குபாலத்தின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1924ஆம் ஆண்டு வெள்ளம் பழைய பாலத்தை அடித்துச் சென்றபின் கட்டப்பட்ட அப்பாலமும் முதுமையடைந்து, 2019இற் பாவனைக்கு மூடப்பட்டது.

ரிஷிகேசத்திலிருந்து பதரிநாதம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். பழைய நாளில் யாத்திரிகர் இவ்வழி முழுவதையும் நடந்தே சென்றனர். வழியில் 'சட்டி' எனப்படும் சத்திரங்களிலே தங்கிச் சமைத்து உண்டனர். 1962ஆம் ஆண்டு சீன யுத்தத்தின் பின்னர் எல்லைப் பாதுகாப்புக்காக மலைக்குள்ளே வீதிகள் வேகமாக வெட்டப்பட்டன. வாரக்கணக்கில் நடந்த வழியை இன்று வாகனத்தில் ஒன்றிரண்டு நாட்களிற் கடக்கலாம். இது பெரிய நன்மையே. ஆயினும் நடந்து சென்றவனுடைய உடம்பு சிறுகச் சிறுக உயரத்துக்குப் பழகியது. வாகனத்தில் ஏறிச் செல்பவனுடைய உடம்புக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

அவ்வழியிலே முதலாவதாக மனத்தைக் கொள்ளைகொள்வது தேவப்பிரயாகை. கங்கோத்திரியிலிருந்து வரும் பாகீரதியும் பதரிநாதப் பக்கமிருந்து வரும் அலகநந்தாவும் அங்கே கூடுகின்றன. அதன் பின்னரே அந்நதிக்குக் கங்கை என்று பெயர். ஒன்று இரைந்து வரும்; மற்றது அமைந்து வரும். நிறத்தாலும் வேறுபட்ட இரு நீரும் ஒன்றையொன்று தொட்டும் கலவாமற் சிறிது தூரம் அருகருகே ஓடுவதைப் படித்துறையில் நின்று பார்க்கலாம். அவ்வூரார் அவற்றை மாமியும் மருமகளும் என்று சொல்லிச் சிரிக்கின்றனர். பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று மங்களாசாசனம் செய்த தலம் இதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் பாட்டிலே இடம்பெற்ற ஊரில் நிற்கின்றோம் என்னும் எண்ணம் எங்களுக்குச் சொல்லொணா மகிழ்ச்சியைத் தந்தது.

இவ்வாறு அலகநந்தா வேறு நதிகளைக் கூடும் சங்கமங்கள் ஐந்து. மேலிருந்து எண்ணினால் விஷ்ணுப்பிரயாகை, நந்தப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, உருத்திரப்பிரயாகை, தேவப்பிரயாகை என்பன அவை. உருத்திரப்பிரயாகையிலே வழி இரண்டாகப் பிரியும். மந்தாகினிக் கரையே சென்றால் கேதாரம், அலகநந்தாக் கரையே சென்றால் பதரி. 1918 முதல் 1926 வரை இப்பகுதியிலே 125 பேரைக் கொன்ற ஒரு சிறுத்தையை ஜிம் கோர்பெற் சுட்டு வீழ்த்தியதும் அவ்வூருக்கு அருகிலேதான். அந்நாளில் இரவானதும் கதவடைத்து நடுங்கிய யாத்திரிகரை நினைத்துக்கொண்டோம்.

நாங்கள் முதலில் பதரி வழியே சென்றோம். பதரிநாதம் நரன், நாராயணன் என்னும் இரு மலைகளின் நடுவே அமைந்த ஊர். பின்னாலே நீலகண்டச் சிகரம் 6,500 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. விடியற்காலையில் முதற் சூரியகிரணம் அதன் நுனியைத் தொடும்போது, கீழே ஊர் இருளில் இருக்க, மேலே வெண்பனி மாத்திரம் பொன்னிறமாகும். பார்த்தவர் எவரும் பேசவில்லை. கோயிலுக்குக் கீழே தப்தகுண்டம் என்னும் வெந்நீரூற்று. விரல் விறைக்கும் குளிரில் அந்நீரில் இறங்கியவர்க்கே அதன் அருமை தெரியும். இக்கோயிலின் தலைமை அர்ச்சகர் கேரளத்து நம்பூதிரி. கேதாரத்திலோ கன்னட நாட்டு வீரசைவர். வடகோடியிலே பனிமலையில் தென்னாட்டார் பூசை செய்யும் இவ்வழக்கம் நெடுங்காலமாக நடந்து வருகின்றது.

பதரிக்கு மூன்று கிலோமீற்றர் மேலே மாணா என்னும் கிராமம். பெண்கள் வாசலில் இருந்து கம்பளி நூற்பதும் பின்னுவதும் காணலாம். இந்தியாவின் கடைசிக் கிராமம் என்று முன்னர் பலகை எழுதி வைத்திருந்தார்கள். இப்பொழுது முதற் கிராமம் என்று எழுதியிருக்கின்றார்கள். எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்பதைப் பொறுத்தது தானே!

இனிப் பூக்களின் பள்ளத்தாக்கு. 1931இலே காமெற் சிகரத்தை ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்பவரும் தோழர்களும் மழையில் வழிமாறி இறங்கியபோது இப்பள்ளத்தாக்கைக் கண்டனர். மலைவாசிகளான இடையர்க்கு அது முன்னரே தெரிந்த மேய்ச்சல் நிலம், உலகத்துக்குத் தெரியாதது. ஸ்மைத் 1937இல் மீண்டும் சென்று தங்கி எழுதிய நூலின் பெயரே பள்ளத்தாக்குக்கும் பெயராயிற்று. 1982இல் அது தேசிய வனமாக்கப்பட்டது. 2005இல் உலக மரபுரிமை இடங்களுள் ஒன்றாயிற்று. பரப்பு 87 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

கோவிந்தகாட் என்னும் இடத்தில் வீதியை விட்டு, மலைப்பாதையில் ஏறி, காங்கரியா என்னும் சிற்றூரில் இராத்தங்க வேண்டும். மறுநாட் காலையில் அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் நடந்து, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். உள்ளே தங்க எவர்க்கும் அனுமதியில்லை. நடக்க இயலாதவரைக் 'கண்டி'யில் ஏற்றிச் செல்லலாம் என்று ஒருவர் சொன்னபோது நாங்கள் திகைத்துப்போனோம். பிறகுதான் தெரிந்தது, ஆளைச் சுமக்கும் முதுகுக் கூடைக்கு அந்நாட்டிலே கண்டி என்று பெயர்! எங்கள் குழுவிலே கண்டியூரவர் ஒருவர் இருந்தபடியால் அன்று முழுவதும் சிரிப்புக்குக் குறைவில்லை.

பூக்களைப்பற்றி என்ன சொல்வது? பாறை இடுக்கிலே நீலப் பொப்பி. ஈர நிலத்திலே ஊதா நிறக் காசித்தும்பை இனங்கள் இடுப்பளவுக்கு. மேலே உயரத்திலே வெளிர் மஞ்சள் மடல் மூடிய பிரமகமலம். தோட்டத்துப் பூப்போல அவை நிரையாக நிற்பதில்லை. பனி உருகிய நீர் எங்கே கசிந்ததோ அங்கே நிற்கும். ஓர் இடத்திலே ஒரு கல்லறை உண்டு. பூச்செடிகளைச் சேகரிக்க வந்து, 1939இலே பாறையில் வழுக்கி வீழ்ந்து இறந்த ஜோன் மார்கரற் லெக் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை அது. வாத்தியார் ஐயா அதன் அருகே நெடுநேரம் நின்றார்.

தேசிய வனமானபின் ஆடு மேய்ப்பது தடுக்கப்பட்டது. பூக்கள் பெருகும் என்றே யாவரும் எண்ணினர். ஆனால் முரட்டுச் செடியொன்று பரவி மற்றவற்றை நெருக்கத் தொடங்கியது. ஆடுகள் மேய்ந்தபோது அது அடங்கியிருந்தது என்று மலைவாசிகள் சிலர் கூறுகின்றனர். இன்று வனத்துறையார் ஆளிட்டு அதனைப் பிடுங்குகின்றனர். மனிதன் புகுந்தாலும் கேடு, விலகினாலும் சிக்கல். மலையைக் காப்பது எளிய கணக்கன்று.

அவ்வட்டாரத்துப் பெருஞ்சிகரம் நந்தாதேவி. உயரம் 7,816 மீற்றர். 1936இலே ரில்மன், ஓடெல் என்னும் இருவர் அதன் உச்சியை அடைந்தனர். பின்னர் ஏறுவோர் கூட்டம் பெருகி, குப்பையும் பெருகி, காடும் விலங்கும் நலிந்தபடியால், 1980களின் தொடக்கத்தில் அம்மலையின் உள்வட்டம் மனிதர்க்கு மூடப்பட்டது.

அம்மலையிலிருந்து இறங்கும் ரிஷிகங்கைக் கரையில் உள்ள கிராமம் ரேணி. 1974ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் ஆடவர் ஊரில் இல்லாத வேளை பார்த்து மரம் வெட்ட வந்தவர்களை, கௌராதேவி என்னும் தாயின் தலைமையில் ஊர்ப்பெண்கள் எதிர்த்து நின்று திருப்பியனுப்பினர். அதே பள்ளத்தாக்கிலே 2021 பெப்ரவரி 7ஆம் நாள் மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து வீழ, சேறும் நீரும் பெருவெள்ளமாகி நீர்மின் நிலைய வேலைத்தலங்களை வாரிச் சென்றது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பதரி வழியிலுள்ள ஜோஷிமட நகர் பழைய மண்சரிவின்மேல் அமைந்தது, அங்கே பாரமான கட்டடங்கள் ஆகா என்று 1976இலே ஓர் அரசாங்கக் குழு எச்சரித்தது. 2023 சனவரியில் அந்நகரின் நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்புக் கண்டது. அவ்வாண்டு நவம்பரில் சில்க்கியாராவிலே யாத்திரை வீதிக்கான சுரங்கம் இடிந்து, 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டுப் பதினேழாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டனர்.

இமயம் பூமியின் மலைகளுள் இளையது, இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. அதன் பாறைகள் நொறுங்கியவை. அதன்மேல் வீதியை அகலமாக்கி, விடுதியை உயரமாக்கி, ஆற்றுக்குக் குறுக்கே அணையும் கட்டினால் அது சும்மா இருக்குமா? 2014இலே நம் மலைநாட்டு மீரியபெத்தையில் மண்சரிந்து லயன் வீடுகள் புதைந்ததை மறவாத நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இப்பொழுது கேதாரத்துக்கு வருகின்றோம். வீதி கௌரிகுண்டத்தை அண்டி முடிகின்றது. அங்கிருந்து மந்தாகினிக் கரையோடு ஏறக்குறைய 16 கிலோமீற்றர் ஏற்றம். 2013ஆம் ஆண்டு யூன் 16, 17ஆம் நாட்களிலே, பருவத்துக்கு முந்திய பெருமழையோடு, கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரியும் உடைந்தது. வழியிலிருந்த ராம்பாரா என்னும் ஊர் முழுவதும் மறைந்தது. மாநிலம் எங்கணும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். வெள்ளத்தில் உருண்டு வந்த பெரும்பாறையொன்று கோயிலின் பின்னாலே தங்கி நீரை இருபுறமும் பிரித்துவிட, கற்கோயில் மாத்திரம் நின்றது. அதன்பின் பாதையை வேறு கரையில் அமைத்தனர். யாத்திரிகரோ குறையவில்லை, பன்மடங்கு பெருகினர். 2023இல் நான்கு தலங்களுக்கும் சென்றோர் தொகை ஐம்பது இலட்சத்தைக் கடந்தது.

நாங்கள் கௌரிகுண்டத்தை அடைந்த அன்றிரவு மழை பிடித்தது. காலையில் மேலே மண் சரிந்துவிட்டதென்று பாதையை அடைத்துவிட்டனர். இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாளும் திறக்கவில்லை. எங்கள் விடுமுறையோ முடிகின்றது. அப்பொழுது நேபாளத்துப் பையன் ஒருவன், இருபது வயதிருக்கும், முதுகிலே வெறுங் கூடையோடு வந்தான். ஆட்டுக்காரர் செல்லும் ஒற்றையடிப் பாதை தனக்குத் தெரியும் என்றும், இரட்டிப்புக் கூலி தந்தால் வாத்தியார் ஐயாவைச் சுமந்து வருவதாகவும் சொன்னான். மூன்று நாளாக அவனுக்கு உழைப்பில்லை.

எங்களுள் இளையவர்கள் துள்ளியெழுந்தனர். இத்தனை பணமும் பாடும் பட்டு வந்தோம். இனி எப்போது வருவோம். ஐயாவுக்காகத்தானே இவ்வளவும் என்றனர். நாமும் அவர்கள் பக்கமே நின்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. வாத்தியார் ஐயா அந்தப் பையனை உட்காரச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து,

"தம்பிமாரே, மேலேயிருந்து கல் விழுந்தால் கூடைக்குள் இருக்கிற எனக்கு எழுபத்திரண்டு வயது. கூடையைச் சுமக்கிற பிள்ளைக்கு இருபது. நான் சாமியைப் பார்க்கிறதுக்கு அவன் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்?" என்றார்.

எவரும் மறுமொழி சொல்லவில்லை. அவனுக்கு ஒரு நாட் கூலியை எடுத்துக் கொடுத்தார். சுமக்காத சுமைக்குக் கூலி வேண்டாம் என்று அவன் மறுத்தான். "சுமை இல்லையென்று யார் சொன்னது? உட்கார்ந்து நான் பாடுவதைக் கேள், அதற்குத்தான்" என்று விடுதிக்காரர் மூலம் இந்தியிலே சொல்லுவித்தார். பிறகு வடக்கு நோக்கி, முகில் மூடிய மலையைப் பார்த்து நின்று, சுந்தரமூர்த்தி நாயனாரின் கேதாரப் பதிகத்தைப் பாடினார். வாழ்வின் நிலையாமையைச் சொல்லித் தொடங்கும் பதிகம் அது. மழைநீர் கூரையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பையன் ஒரு சொல்லும் விளங்காமல், ஆனால் அசையாமல் இருந்து கேட்டான்.

மறுநாள் கீழே இறங்கினோம். இறங்கும் வழியெல்லாம் எங்கள் உள்ளத்திலே குறையே மிஞ்சியது. அவரோடு ஒரு நாள் முகங்கொடுத்துப் பேசாதவர்களும் எங்களுள் இருந்தனர். சென்ற ஆண்டு வாத்தியார் ஐயா சிவபதம் எய்தினார். அவர் கேதாரத்தைக் காணவேயில்லை. அன்று செய்தது சரியா என்று நாம் பலமுறை எம்மையே கேட்டதுண்டு. விடையை அவரே ஒரு நாள், கேளாமலே, தந்திருந்தார். "திருஞானசம்பந்தர் கேதாரத்தைப் பாடியது எங்கேயிருந்து? காளத்தியிலேயிருந்து. எங்கள் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியது எங்கேயிருந்து? கடலுக்கு அப்பால் இராமேசுவரத்திலேயிருந்து. அப்பர் கயிலைக்கு நடந்தார், முட்டியும் தேய்ந்தது, காட்சி கிடைத்ததோ திருவையாற்றில்" என்றார்.

அன்பர்களே, அதனால் இமயத்துக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். மழையைத் தவிர்க்க விரும்புவோர் வைகாசியிலோ, புரட்டாதி கழிந்து ஐப்பசியிலோ செல்லுங்கள். பூக்களையே காண விரும்புவோர், வழி அடைபடவுங்கூடும் என்பதை அறிந்து, கையிலே நாலைந்து நாளை மிச்சமாக வைத்துச் செல்லுங்கள். நான்கு தலங்களுக்கும் பெயர்ப்பதிவு அவசியம்; அதனை முன்னரே செய்யுங்கள். ஒரே நாளில் உயரத்துக்கு ஏறாமல் இடையிலே ஓரிரவு தங்குங்கள். மூச்சுத் திணறலும் தலைவலியும் மிகுந்தால் வெட்கப்படாமல் கீழே இறங்குங்கள். கொண்டுபோன பிளாஸ்ரிக் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கோவேறு கழுதையையும் சுமை தூக்குவோரையும் அவற்றின், அவர்களின் வலுவுக்கு மிஞ்சி வருத்தாதீர்கள். பாதை மூடியிருக்கின்றது என்றால், மூடியிருக்கின்றது என்றே கொள்ளுங்கள்.

நாம் கண்ட காட்சிகள் பல, சொன்னவை சில. நீலகண்டத்தின் பொன்முடியும், பள்ளத்தாக்கின் நீலப் பூவும், இரு நதி கலவாது ஓடிய தேவப்பிரயாகையும் இன்றும் கண்முன்னே நிற்கின்றன. ஆயினும் இமயம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது, முகில் மூடிய மலைக்கு முன்னே நின்று பாடிய ஒரு கிழவரும், வெறுங் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்த ஒரு பையனுமே.